கனாமைசின்

ஜூன் 4, 2018. திங்கள்

பழைய டைரி முடிந்துவிட்டது. பல்கலைக்கழகக் கடையில் இந்தக் கோடு போட்ட நோட்டுதான் கிடைத்தது.

காலையில் வடிவு மேடம் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். பெங்களூரில் உள்ள எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எங்களுக்கு நாள் கிடைத்துவிட்டது. ஜூலை 26, ஒரே நாள். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். கதவில் பேராசிரியர் சங்கரவடிவு என்று இருக்கும். எங்களுக்கு வடிவு மேடம். நல்லவர், கறாரானவர். பேசும்போது பாதி நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். கூட்டம் முடிகையில் பலகையை அழித்தபடியே ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். பிறகு பாண்டிச்செல்வியிடம் கேட்டேன். இந்த வாரம் பிரீசர் பார்க்கும் முறை அவளுடையதாம். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், விடுமுறை நாளிலும்.

வியாழக்கிழமை கல்லூரிப் பெண்கள் ஆய்வகத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு என் வேலையை எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தேன்:

காசநோய்க் கிருமியில் மூன்று புரதங்கள் உண்டு. மூன்றும் சேர்ந்தால்தான் நிலைக்கும். தனித்தனியாகத் தயாரித்தால் அவித்த முட்டையின் வெள்ளைக்கருபோலத் திரண்டு வீணாகிவிடும். ஆகவே மூன்றின் மரபணுக்களையும் ஒரே பாக்டீரியாவுக்குள் அனுப்பி, மூன்றையும் ஒரே சமயத்தில் உண்டாக்கவைக்க வேண்டும். மரபணுவை உள்ளே கொண்டுபோவது பிளாஸ்மிட், வளையமாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. நான் மூன்று வளையங்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வளையமும் ஒரு மருந்தைத் தாங்கும் சக்தியைத் தரும். மூன்று மருந்துகளையும் கலந்து ஊற்றினால், மூன்று வளையங்களும் உள்ள பாக்டீரியா மட்டுமே பிழைக்கும்.

பிழைக்கும், ஆனால் நோஞ்சானாக. எட்டு மாதம் பாடுபட்டுப் பதினாறு குழாய் புரதம் சேர்த்து, மைனஸ் எண்பது டிகிரி பிரீசரில் வைத்திருக்கிறேன். பெங்களூருக்கு அது போதும்.

செல்வி இரண்டாம் வருஷ ஆராய்ச்சி மாணவி, கமுதிப் பக்கம். மூன்று மரபணுக்களையும் ஒரே வளையத்தில் வரிசையாகக் கோக்கப் பார்க்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இப்போதெல்லாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஜூன் 6. புதன்

பாக்டீரியாவை உடைக்கும் சோனிகேட்டரை இன்று நான்தான் ஓட்டினேன். அது கிளப்பும் கீச்சொலி தாங்காமல் மற்றவர்கள் காதடைப்பான் மாட்டிக்கொண்டும் வெளியே ஓடிவிடுகிறார்கள். "உங்களுக்கு மட்டும் எப்டிக்கா ஒண்ணுமே ஆகல?" என்று செல்வி கேட்டாள். பழகிவிட்டது என்றேன். முதல் வருஷத்தில் எனக்கும் தலை வலிக்கும்.

அம்மா போன் செய்தாள். பாளையங்கோட்டையில் எந்தக் கம்பெனி சிம்மும் சரியில்லை. "ஏட்டி ஹெப்சி, கேக்கா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மெசேஜ் அனுப்பச் சொன்னேன்.

ஜூன் 8. வெள்ளி

நேற்று வந்த கல்லூரிப் பெண்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள். பின்வரிசைக் கேள்விகளுக்கெல்லாம் செல்வியே பதில் சொன்னாள்.

மாலையில் நான் குடுவைகளை ஆட்டும் ஷேக்கர் பக்கம் நின்றிருந்தபோது செல்வி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நாளை அவள் அக்காவுக்கு வளைகாப்பு, ஊருக்குப் போகிறாள். அதற்குமேலும் ஏதோ சொன்னாள். நான் ஆடிக்கொண்டிருந்த குடுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, போயிட்டு வா" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

ஜூன் 9. சனி

இரண்டாம் சனி, விடுமுறை. ஆய்வகத்தில் நான் மட்டும். பத்து மணிக்குத் திறந்தேன். என் மூன்று மருந்துகளில் ஒன்றான கனாமைசினை எடை போட்டுக் கரைத்து, வடிகட்டி, சின்னக் குழாய்களில் பிரித்துவைத்தேன். பாக்டீரியா வளர்க்க நாற்பது தட்டுகள் ஊற்றினேன். பதினொன்றேகால் வாக்கில் மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தது. மத்தியானம் தயிர்சாதம். ஐந்து மணிக்குப் பூட்டினேன்.

இப்படி ஓர் அமைதியான நாள் கிடைத்து எவ்வளவு காலமாயிற்று.

ஜூன் 11. திங்கள்

பிரீசர் போய்விட்டது.

காலையில் நான் வந்தபோது மேடமும் செல்வியும் அதன் முன்னால் நின்றிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். உள்ளே பிளஸ் பதினொன்று. மின்சாரம் திரும்பியபோது கம்ப்ரசர் மறுபடி ஓடவில்லை. பிளாஸ்மிட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டி.என்.ஏ. இரண்டு நாள் சூட்டைத் தாங்கிவிடும். என் பதினாறு குழாய்களும் பாலாகத் திரிந்திருந்தன. பிளாஸ்மிட்டை ஏற்றுக்கொள்ளப் பக்குவப்படுத்திவைத்த பாக்டீரியாக்கள் எல்லாம் வீண்.

பிரீசரின் பதிவில் இருந்தது: அலாரம் தொடங்கியது சனிக்கிழமை 11.20. மேடம் செல்வியைக் கேட்பதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன்.

"போன வாரம் யார் முறை?"

"என்னோடதுதான் மேடம். ஆனா ஹெப்சி அக்காகிட்ட பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் போனேன். சரின்னாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். ஊருக்குப் போவதாகச் சொன்னாள், பிரீசர் பற்றிச் சொல்லவில்லை என்றேன். அது உண்மை.

"சனிக்கிழமை நீ வந்தியாம்மா?"

"வந்தேன் மேடம். பதினோரு மணிக்குக் கிளம்பிட்டேன்."

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அவளிடம் என்னென்னவோ சொன்னார். நான் துடைப்பம் எடுத்துவரப் போனேன்.

ஜூன் 12. செவ்வாய்

துணி துவைத்தேன். பாக்டீரியாவைப் புதிதாகப் பக்குவப்படுத்த ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூன் 14. வியாழன்

செல்வியின் வருடாந்திர அறிக்கையில் மேடம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பொறுப்பைத் தட்டிக்கழித்தது மட்டுமில்லாமல் இன்னொருவர் மேல் பழி போடுகிறாள் என்று கோபம். ஒரு மாதம் ஆய்வகத்துக்கு வர வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

போகும் முன் செல்வி என் மேசைக்கு வந்து, குழாய்கள் அடுக்கிய சின்னப் பெட்டி ஒன்றையும் அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டையும் வைத்தாள்.

"என் வளையம் முடிஞ்சிருச்சுக்கா. சீக்வென்ஸ் பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு நேரம் இல்ல. இத வச்சுப் பாருங்க."

அதன் பிறகும் ஏதோ சொன்னாள். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது என்னவென்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள்.

ஜூன் 20. புதன்

என் மூன்று வளைய முறையில் மறுபடி முயன்றேன். மூன்று மருந்துகளில் பாக்டீரியா தவழ்கிறது. வந்த கொஞ்சத்திலும், மூன்றில் நடுத்தர எடையுள்ள நடுப் புரதம் இருக்கிறதா இல்லையா என்று, புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதே வேகத்தில் போனால் ஜூலைக்குள் நான்கு குழாய் தேறாது.

பிற்பகல் பிரீசர் மெக்கானிக் வந்தார். கம்ப்ரசரை மாற்றிவிட்டு, அலாரம் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு மின்னியது. மெக்கானிக் முகத்தைச் சுளித்தார். மேடம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

நானும் பொத்திக்கொண்டேன்.

ஜூன் 21. வியாழன்

தலைவலி. விடுதியிலேயே இருந்துவிட்டேன்.

ஜூன் 25. திங்கள்

வேறு வழியில்லை. செல்வியின் குறிப்பேட்டைத் திறந்தேன்.

அழகாக யோசித்திருக்கிறாள். ஒரே வளையம், ஒரே மருந்து, கனாமைசின் மட்டும். வரிசையில் பின்னால் வரும் மரபணுவுக்குப் புரதம் குறைவாக வரும் என்பதால், எப்போதும் மெலிந்துபோகிற நடுப் புரதத்தை முதலில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், இங்கே தொடங்கு என்று சொல்லும் தனிக் குறி. தோற்ற ஐந்து முயற்சிகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள். மூன்று வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

கடைசியாக எழுதிய பக்கத்தின் தேதி ஜூன் 8. அடியில் பென்சிலில் நாலைந்து வரிகள்:

"ஊருக்குப் போகிறேன். தட்டுகள் குளிர்பெட்டியில். சனி, ஞாயிறு பிரீசர்: ஹெப்சி அக்காவிடம் சொல்லியாயிற்று. சரி என்றார்."

அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்தேன். பிறகு அவள் வளையத்தைப் பாக்டீரியாவில் ஏற்றினேன்.

ஜூன் 28. வியாழன்

ஜெல்லில் நீலமாக மூன்று கோடுகள், மூன்றும் ஒரே கனம். எட்டு மாதத்தில் நான் சேர்த்ததில் பாதி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. மேடம் ஜெல்லை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "பொழச்சோம்" என்றார். செல்வியின் வளையம் என்று சொன்னேன். "வேலை தெரிஞ்ச பொண்ணுதான். குணம் சரியில்லையே" என்றார்.

நான் ஜெல்லை வாங்கித் தண்ணீரில் போட்டேன்.

ஜூன் 29. வெள்ளி

காது ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து எழுந்தேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் உட்காருங்கள் என்று கை காட்டினாள்.

சோதனை வரைபடத்தில் கோடு இடப்பக்கம் மேலே ஆரம்பித்து, வலப்பக்கம் போகப் போகக் கீழே விழுகிறது. "கீச்சுச் சத்தம், அலாரம், குருவி, சின்னக் கொரல் எல்லாம் போயிருச்சும்மா" என்றார் டாக்டர். நல்லவேளை, என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். "எப்பவாவது நெறைய ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

அப்பாவிடமும் அம்மாவிடமும் தவிர யாரிடமும் பேசாததை அவரிடம் சொன்னேன். 2011. எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். முதல் மருந்துகளுக்கு அடங்காத காசநோய். அக்கம்பக்கத்தில் மஞ்சள்காமாலை என்று அம்மா சொல்லிவைத்தாள். ஆறு மாதம் தினமும் ஊசி. மருந்தின் பெயரை டாக்டர் கேட்டார். சொன்னேன். நான் வாராவாரம் எடை போட்டுக் கரைத்துத் தட்டில் ஊற்றுகிற மருந்துதான். கனாமைசின்.

"ஊசி போடறப்ப காதுல இரைச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நர்சு கேட்டப்ப இல்லைன்னு சொல்லிட்டேன். ஊசிய நிப்பாட்டிட்டா செத்துப்போயிருவேன்னு பயம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அன்னைக்கு அது உங்களக் காப்பாத்துச்சும்மா. காது திரும்ப வராது. மெஷின் வச்சுக்கலாம். இத்தன வருசம் எப்படிச் சமாளிச்சீங்க?"

உதடுகளைப் பார்த்து என்றேன். இதுவரை அதை எனக்குள்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை.

ஜூலை 2. திங்கள்

மேடம் தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். வரைபடத்தை மேசையில் வைத்தேன்.

"அந்தச் சனிக்கிழமை நான் அஞ்சு மணி வரைக்கும் லேப்லதான் மேடம் இருந்தேன்."

மேடம் பேனாவை மூடினார். "அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சிருக்கு. எனக்குக் கேக்கல. செல்வி வெள்ளிக்கிழமை சொன்னதும் கேக்கல. கேக்காமலே சரின்னு சொல்லிட்டேன்."

வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். நோயையும் ஊசியையும் சொன்னேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"காசநோய்னா சேத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம், காதுன்னா அனுப்பிருவீங்கன்னு."

"காது கேக்கலன்னா பிரீசருக்குப் பெரிய வெளக்கா ஒண்ணு மாட்டிருப்பேன், அவ்வளவுதான். பதினோரு மணிக்குக் கிளம்பிட்டேன்னு சொன்னியே, அதுக்கு எத மாட்டறது?"

மேடம் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு இந்த நாற்காலில உக்காந்து அழுதுச்சு. நடிப்புன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் சும்மா நின்றேன். அவரே திரும்பி, என்னைப் பார்த்து மறுபடி சொன்னார்: "நானும்தான் தப்புப் பண்ணிருக்கேன்."

நடந்ததை எழுதித் துறைக்குக் கொடுக்க வேண்டும், குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார். செல்வியைத் தாமே போனில் கூப்பிடுவதாகச் சொன்னார்.

"நான் நேர்ல போறேன் மேடம். போன்ல எனக்குச் சரியா வராது."

ஜூலை 4. புதன்

கமுதியில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஊரைச் சுற்றிலும் சீமைக்கருவேலம், அங்கங்கே கரிமூட்டத்தின் புகை. செல்வி கையெல்லாம் கரியாக வந்தாள். அவள் அப்பாவுக்கு மூட்டம் போடுகிற வேலை; சாக்குகளில் கரி அள்ளிக்கொண்டிருந்தாளாம். அவள் அம்மா எனக்குக் கலர் வாங்கிவர ஓடினார்.

"லீவு விட்டுருக்காங்கன்னு சொல்லிருக்கேன்" என்றாள் செல்வி அவசரமாக. "அம்மாகிட்ட எதுவும் சொல்லிறாதீங்க."

வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் செல்வி கைக் கரியைப் பாவாடையில் துடைத்தாள்.

"நீங்க நெறையத் தடவ அப்டித்தான்க்கா. ஏதாச்சும் சொன்னா, என்னன்னே கேக்காம சரிம்பீங்க. திமிருன்னு நெனச்சேன்."

"திமிரில்ல செல்வி."

"இப்பத்தான தெரியுது." என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு மேடம் கேக்கறப்ப உங்க மொகத்தையே பாத்துட்டு நின்னேன். இப்பச் சொல்லுவாங்க, இப்பச் சொல்லுவாங்கன்னு. காது கேக்கலன்னு நீங்க சொல்லிருந்தா நான் உங்க பக்கம் நின்னுருப்பேன். நீங்க தொடப்பத்தத் தூக்கிட்டுப் போய்ட்டீங்க."

மன்னித்துக்கொள் என்றேன். "வளையம் வேல செஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

கைப்பேசியில் ஜெல் படத்தைக் காட்டினேன். கை கரியாக இருந்ததால் தொடாமல், குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மூன்று கோடுகளையும் காற்றிலேயே விரலால் எண்ணினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அம்மா கலர் பாட்டிலோடு வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 9. திங்கள்

குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஏழு பேர். மேடம் எல்லோர் முன்னாலும் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். வரப்போகும் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் செல்வியுடையது என்றார். அது நியாயம். மத்தியானம் சாப்பிடப் போகாமல் குளியலறையில் கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

செல்வி வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

ஜூலை 13. வெள்ளி

மெஷின் வந்துவிட்டது. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். தண்ணீர்க் குழாய் இவ்வளவு சத்தம் போடுமா? செருப்புச் சத்தம், காகிதம் புரட்டும் சத்தம், பக்கத்து மேசைக்காரர் மூக்குறிஞ்சுவது. எல்லாம் ஒன்றாக மேலே விழுகின்றன, பேச்சு மட்டும் அவற்றுக்கு அடியில் எங்கோ இருக்கிறது. பழக ஆறு மாதமாகுமாம். பதினோரு மணிக்குக் கழற்றிவிட்டேன். இரண்டு மணிக்கு மறுபடி மாட்டினேன்.

ஜூலை 18. புதன்

பத்து லிட்டர் வளர்த்தோம். செல்வி சேகரிக்க, நான் வடித்தெடுத்தேன். இருபத்திரண்டு குழாய்கள். எதையாவது கேட்க வேண்டுமானால் செல்வி முதலில் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள், நான் நிமிர்ந்த பிறகு பேசுகிறாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மற்றபடி அதே கணக்கான பேச்சுதான்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். "அந்த ஊசியப் போடச் சொன்னது நாந்தானே மக்கா" என்று பதில் வந்தது. அதனால்தான் நான் இருக்கிறேன் என்று எழுதினேன்.

ஜூலை 26. வியாழன். பெங்களூர்

காலையில் வந்து சேர்ந்தோம், செல்வியும் நானும். புரதப் பெட்டி முழுவழியும் அவள் மடியில். ரயிலில் அவளுடைய அக்காவுக்கு என்ன குழந்தை பிறக்கும் என்று வீட்டில் நடக்கும் சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பழையபடி என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நுண்ணோக்கி ஓர் அறை உயரம். அதை இயக்குபவர் ஓசூர்க்காரர், தமிழில்தான் பேசினார். மூச்சுக்காற்றின் ஈரம் புரத மாதிரியின் மேல் படக் கூடாதென்று அங்கே எல்லோரும் மாஸ்க் போட்டிருக்கிறார்கள். குளிர்விக்கும் பம்புகளின் இரைச்சல் மெஷின் வழியாகக் காதில் கொட்டியது. அவர் மாதிரி வைக்கும் முறையை விளக்கிக்கொண்டே போனார். மாஸ்க் துணி அசைவது தெரிந்தது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடைசியில் கேள்வி போல ஒன்றைக் கேட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

செல்வி என் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவள் முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் காது சரியாக் கேக்காது" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. "நீங்க சொன்னதுல எதுவுமே எனக்குப் புரியல. மாஸ்க்க எறக்கிட்டு, என்னப் பாத்து இன்னொரு தடவ சொல்றீங்களா?"

அவர் மாதிரித் தட்டை மூடிவைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். மாஸ்க்கை இறக்கினார். செல்வி நோட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டாள். அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.